பக்கம் ஐந்து

4 பிப்ரவரி 2019, திங்கள்

தொகுத்தல் பயிற்சி என்ற தாளை இந்தப் பருவம் என் தலையில் கட்டிவிட்டார்கள். பாடநூல் கிடையாது. பழைய செய்தித்தாள்களைக் கொடுத்துப் பிழை திருத்தச் சொல்லி ஒப்பேற்றிவிடலாம் என்று துறையில் யோசனை சொன்னார்கள். ஒப்பேற்றுவது எனக்கு வராது. இரண்டாமாண்டு தமிழ் பிள்ளைகள் பதினாறு பேருக்கும் விக்கிப்பீடியாவில் கணக்கு தொடங்கிக் கொடுத்துவிட்டேன். ஊர் உலகம் பார்க்கிற இடத்தில் எழுதினால்தான் கை நடுங்கும். கை நடுங்கினால்தான் எழுத்தில் கவனம் வரும்.

முதல் வகுப்பிலேயே கண்டிப்பாகச் சொன்னேன். சான்று இல்லாமல் ஒரு வரி சேர்க்கக் கூடாது. சான்றுள்ள வரியை அழிக்கக் கூடாது. எதைச் செய்தாலும் ஏன் செய்தோம் என்று நாலு சொல் எழுதாமல் நகரக் கூடாது. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் விவாதிக்கப் 'பேச்சு' என்று ஒரு பக்கமும், 'வரலாறு' என்று ஒரு பக்கமும் இருப்பதைத் திரையில் காட்டினேன். யார், எந்த நிமிடம், எதைச் சேர்த்தார், எதை நீக்கினார், எல்லாம் வரலாற்றில் நிற்கும். கணக்கில் நுழையாமல் திருடன் மாதிரி வந்து மாற்றினால் பெயருக்குப் பதிலாக இணைய எண் நிற்கும்.

"தப்பா எழுதிட்டா போலீஸ் வருமா மேம்?" என்றான் ஜெபராஜ். எல்லா வகுப்பிலும் ஒருவன் இருப்பானே, இந்த வகுப்பில் இவன்.

"போலீஸ் வராது. நான் வருவேன்."

ஆளுக்கொரு கட்டுரை பிரித்துக் கொடுத்தேன். கல்லூரி நிறுவனர் தெய்வசிகாமணியின் கட்டுரை நாலு வரியில் நோஞ்சானாகக் கிடக்கிறது. மார்ச் 10 அவருடைய நூற்றாண்டு விழா. அதைப் பட்டியலில் நான்தான் சேர்த்தேன். கல்லூரிச் செயலர் மனம் குளிரட்டும் என்றுதான் சேர்த்தேன், அதை மறைப்பானேன். ஒன்பது வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். ஒவ்வொரு ஏப்ரலிலும் என் வேலையைப் புதுப்பிப்பது அவர் கையெழுத்துதான். என் கணவர் வேலை பார்த்த குவைத் கம்பெனி மூடி, இவர் வீட்டோடு வந்து ஒரு வருடமாகிறது, மகன் பன்னிரண்டாம் வகுப்பு. என் ஒருத்தி சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

நிறுவனர் கட்டுரை யாருக்கு என்று கேட்டதும் மாரீஸ்வரி கையைத் தூக்கினாள். போன பருவம் முழுக்க வாய் திறக்காத பெண். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

9 பிப்ரவரி, சனி

மாரீஸ்வரியைக் கூட்டிக்கொண்டு மதுரை போய் வந்தேன். பழைய நாளிதழ்களைக் பைண்டு செய்து வைத்திருக்கிற ஒரு நூலகம். கோவில்பட்டியிலிருந்து போகும்போது பாதி வழி நின்றுகொண்டேதான். இடுப்பு விட்டுப்போயிற்று.

1986 ஜூலை 15ஆம் தேதி இதழ் வேண்டும் என்று தேதியோடு கேட்டாள். அது எப்படி அவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று கேட்டேன்.

"அதுக்கு முந்துன நாளு, ஜூலை பதினாலு, வருசா வருசம் எங்க வீட்ல அடுப்பு பத்த வைக்க மாட்டாக மேம். பழைய சோறுதான்."

செய்தி கிடைத்தது. 'தீப்பெட்டி ஆபீஸில் தீ: ஒன்பது பெண்கள் பலி.' எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஆபீஸ்தான். தெய்வசிகாமணியின் ஆபீஸ். 1974இல் தொடங்கியது என்பதிலிருந்து எல்லாம் இருந்தது. ஒன்பது பெயரும் வயதும் இருந்தன. ஏழாவது பெயர் சீனியம்மாள், பத்தொன்பது. மாரீஸ்வரியின் பெரியம்மா, அவள் அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. செய்தியின் கடைசியில் நிர்வாகத்தின் அறிக்கை: பதிவேட்டில் உள்ளபடி அன்று வேலைக்கு வந்தவர்களில் இறந்தது நான்கு பேர்தான்.

"மிச்ச அஞ்சு பேரு அன்னைக்கு வேலைக்கே வரலைன்னு சொல்லிட்டாக மேம். பெரியம்மா அந்த அஞ்சுல ஒரு ஆளு. இந்தப் பேப்பரத் தவிர வேற எங்கயும் அவுக பேரு கிடையாது."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கைப்பேசியில் செய்தியைக் கிட்டத்தில் வைத்துப் படமெடுத்தாள். பக்கத்தின் தலைப்பகுதி படத்தில் விழவில்லை. நான் என் குறிப்பேட்டில் 'பக்கம் 5' என்று எழுதிக்கொண்டேன்.

பஸ்ஸில் கேட்டேன், ஒரு மேற்கோளுக்கு என்னென்ன வேண்டும் என்று. நாளிதழ் பெயர், தேதி, தலைப்பு என்று சொல்லிவிட்டு முழித்தாள். பக்க எண்ணை விட்டுவிட்டாய், மறுபடி போய்ப் பார்த்து நீயே போடு, நான் ஊட்டிவிட மாட்டேன் என்றேன். கொஞ்சம் கடுமைதான். அப்படித்தான் படியும்.

13 பிப்ரவரி, புதன்

மாரீஸ்வரியின் கட்டுரை ஏறிவிட்டது. மிகையும் இல்லை, குறையும் இல்லை. நிறுவனர் பள்ளி கட்டியது, கல்லூரி கட்டியது, குளம் தூர் வாரியது எல்லாம் முறையாக வந்திருக்கிறது. நடுவில் இரண்டு வரி: '1974ஆம் ஆண்டு தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். 1986 ஜூலை 14 அன்று அங்கு ஏற்பட்ட தீ விபத்தில் ஒன்பது பெண்கள் உயிரிழந்தனர்.' தொடர்ந்து ஒன்பது பெயர்கள். இரண்டு வரிக்கும் அதே நாளிதழ்தான் சான்று. பக்க எண் இல்லை. அரை மதிப்பெண் குறைப்பேன்.

ஒரு 'பாவம்' கிடையாது, ஒரு 'கொடூரம்' கிடையாது. சொந்தப் பெரியம்மா செத்ததை இந்த வயதில் இவ்வளவு நிதானமாக எழுத என்னால் முடிந்திருக்காது. பெருமையாக இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை. செயலர் பார்ப்பாரே என்ற நினைப்பும் வந்தது. சான்றுதான் இருக்கிறதே என்று அதைத் தள்ளிவிட்டேன்.

18 பிப்ரவரி, திங்கள்

செயலர் கூப்பிட்டனுப்பினார். சபாபதி, நிறுவனரின் மகன். ஒன்பது வருடத்தில் அவர் அறையில் எனக்கு நாற்காலி கிடைத்தது இதுவே முதல் தடவை. காபியும் வந்தது. 

"உக்காருங்கம்மா. அப்பாவப் பத்திப் பிள்ளைங்க நல்லா எழுதியிருக்காங்க. ஒரே ஒரு எடம்தான் உறுத்துது."

"அதுக்குச் சான்று இருக்குங்கய்யா."

"நான் பொய்யின்னு சொல்லலையே. விழா மலர்ல அந்தப் பக்கத்தோட முகவரியப் போடுறோம். மந்திரி வர்றாரு, பல்கலைக்கழகத்துலருந்து வர்றாங்க. எல்லாரும் தொறந்து பாப்பாங்க. நல்ல நாளும் அதுவுமா சாவுப் பட்டியலா பாக்கணும்?"

தம்ளரைக் கையில் எடுத்தேன். அவரே தொடர்ந்தார்.

"ஒன்பது வருசமாச்சுல்ல? இந்த வருசம் ஒங்களப் பெர்மனென்ட் பண்ணிடலாம்னு இருக்கேன். அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிக்கிட்டுக் கிடக்க வேணாம். நீங்களே பாத்துக்கோங்க."

காபி ஆறிப் போயிருந்தது. அப்படியே குடித்துவிட்டு வந்தேன்.

19 பிப்ரவரி, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். டிவியைப் பார்த்தபடியே, "ஒரு வரிதான, அதப் போயி தலையில தூக்கி வச்சிக்கிட்டு" என்றார். பத்து நிமிடம் கழித்து, "பெர்மனென்ட்னா சொன்னாரு?" என்று கேட்டார்.

20 பிப்ரவரி, புதன்

சிலிண்டர் வந்தது. மகனுக்கு இயற்பியல் திருப்புதல் தேர்வு. தலைவலி. சீக்கிரம் படுத்துவிட்டேன்.

21 பிப்ரவரி, வியாழன்

முதல் மணிக்கு முன்பே மாரீஸ்வரி துறை வாசலில் நின்றாள். தீ விபத்து வரியையும் ஒன்பது பெயர்களையும் நேற்று சாயங்காலம் யாரோ நீக்கிவிட்டார்கள். பெயர் இல்லை, வெறும் இணைய எண். காரணம் என்ற இடத்தில் 'சான்று போதாது' என்று எழுதியிருக்கிறது.

விக்கிப்பீடியாவில் இதெல்லாம் நடக்கிறதுதான் என்றேன்.

"நேத்து ராத்திரிதான் மேம் அம்மாகிட்டக் காமிக்கலாம்னு தொறந்தேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. பேரு எங்க இருக்குன்னு தொட்டுக் காட்டுன்னு கேட்டாக. எடத்தத் தேடுறேன், இல்ல. வேலைக்கே வரலைன்னு அன்னைக்குச் சொன்னானுக, இன்னைக்கும் அதத்தான் சொல்றானுகளா, அப்டின்னு கேட்டுட்டுப் படுத்துட்டாக."

இப்போதே திரும்பச் சேர்த்துவிடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். நீ சேர்ப்பதும் அவர் நீக்குவதுமாகப் போனால் அது தொகுத்தல் போர் ஆகிவிடும், விதிப்படி தப்பு. முதலில் அந்த எண்ணுக்கு மரியாதையாக ஒரு செய்தி போடு, ஒரு வாரம் பதிலுக்குக் காத்திரு என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். விதி அப்படித்தான் இருக்கிறது. நான் ஒன்றும் இல்லாததைச் சொல்லவில்லை.

22 பிப்ரவரி, வெள்ளி

மதியம் வீட்டுக்கு வந்து, குழம்புக்குப் புளி ஊற வைத்துவிட்டு, கைப்பேசியில் விக்கிப்பீடியாவைத் திறந்தேன். கணக்கில் நுழைந்திருக்கவில்லை. பக்கத்தின் தலையில் ஒரு பட்டை வந்தது: 'உங்களுக்குப் புதிய செய்தி உள்ளது.'

தொட்டேன்.

'வணக்கம். தெய்வசிகாமணி கட்டுரையில் நீங்கள் நீக்கிய வரிக்கு நாளிதழ்ச் சான்று தரப்பட்டுள்ளது. நல்லெண்ணத்தோடுதான் நீக்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அருள்கூர்ந்து காரணத்தைப் பேச்சுப் பக்கத்தில் விளக்குங்கள். நன்றி. மாரீஸ்வரி.'

நான் சொல்லிக்கொடுத்த வரிசையில், நான் சொல்லிக்கொடுத்த பணிவில் எழுதியிருக்கிறாள். முன்பின் தெரியாதவரையும் நல்லவர் என்று நம்பித் தொடங்க வேண்டும் என்று வகுப்பில் பெரிதாக முழங்கியவள் நான். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். புளியைக் கரைக்காமலே குழம்பைக் கொதிக்கவிட்டுவிட்டேன். இவர் சாப்பிட்டுவிட்டு, "என்ன இது, சப்புன்னு இருக்கு" என்றார்.

இனி இந்த நோட்டிலாவது எழுதிவிடுகிறேன். புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நீக்கியது நான். அந்த எண் எங்கள் வீட்டு வைஃபையின் எண். என் கணக்கில் நுழையாமல் செய்தேன், திருடி மாதிரி. சான்று போதாது என்று எழுதினேன். அந்தச் சான்றை மதுரையில் என் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டு வந்துதான் எழுதினேன். கேவலமாக இருக்கிறது.

25 பிப்ரவரி, திங்கள்

கணினிக் கூடத்தில் இன்று, நீக்கப்பட்ட வரியையே பாடமாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஜெபராஜ் கிளப்பிவிட்டான். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். மறுக்க என்ன காரணம் சொல்வது? மறுத்தால் அதுவே சந்தேகம். திரையில் ஒப்பீட்டைப் போட்டேன். இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் மாற்றியது.

"இது நம்ம மாவட்டத்து நம்பர்தான் மேம். இதுக்கு மேல நெட் கம்பெனிக்காரன்தான் சொல்லணும்" என்றான் ஜெபராஜ். இந்தத் தேடலில் பாதியைத் தேர்வுக்குப் படிப்பதில் காட்டினால் தேறிவிடுவான்.

 மவுசைத் துப்பட்டாவில் துடைத்தேன். அப்போது மாரீஸ்வரி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள்.

"மேம், அழிச்சவங்க ஒண்ணு சேத்தும் இருக்காங்க."

1974இல் தொடங்கினார் என்ற வரியை நீக்கவில்லை, அதன் சான்றும் அப்படியே இருந்தது. அந்தச் சான்றின் கடைசியில் புதிதாக இரண்டு சொல் நீல நிறத்தில் தெரிந்தது. 'பக்கம் 5.'

வகுப்பு சிரித்தது. "களவாணிப் பய, திருடிட்டு வீட்டக் கூட்டிப் பெருக்கிட்டுப் போயிருக்கான் மேம்" என்றான் ஜெபராஜ்.

மாரீஸ்வரி சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். மணி அடித்தது.

எல்லோரும் போன பிறகு வந்தாள்.

"நான் பக்க எண் போடல மேம். போட்டோவுலயும் அது விழல. அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவங்களும் லைப்ரரிக்குப் போயிருக்கலாம்ல."

"போயி, அந்த ஒன்பது பேரையும் பாத்தவங்க, சான்று போதாதுன்னு எழுதுவாங்களா மேம்?"

"ஒனக்கு பஸ் போயிரும்" என்றேன்.

போய்விட்டாள். ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அந்தப் பக்க எண்ணை நான் போட்டதே எனக்கு இன்று திரையில் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது. வரியை நீக்கிவிட்டுச் சேமிக்கப் போனபோது மேலே குறையான மேற்கோள் கண்ணில் பட்டது. கை சும்மா இருக்கவில்லை. படிக்கிற காலத்திலிருந்து இருபது வருடப் பழக்கம். ஒன்பது பெண்களை அழிக்கும்போது உறுத்தாத எனக்கு ஒரு பக்க எண் இல்லாதது உறுத்தியிருக்கிறது. என்னை என்ன செய்தால் தகும்.

27 பிப்ரவரி, புதன்

செயலர் அறையில் இன்றும் காபி. மேசையில் இரண்டு தாள். ஒன்றில் என் நிரந்தரப் பணி ஆணை, கையெழுத்து மட்டும் பாக்கி. இன்னொன்று நான் எழுதியதாக அவர் ஆட்கள் தயாரித்த கடிதம். மாணவி குடும்பப் பகை காரணமாகத் தவறான தகவலைச் சேர்த்தார், சான்றை நான் நேரில் சரிபார்த்தேன், அது பொருந்தவில்லை. இதை என் பெயரில் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் போட வேண்டும், அதோடு வரி திரும்பி வராது.

"குடும்பப் பகையெல்லாம் இல்லைங்கய்யா. அந்தச் செய்தி உண்மை. நான் பாத்தேன்."

"நீங்கதான அழிச்சீங்க?" என்றார், சாதாரணமாக, மழை வருமா என்று கேட்கிற மாதிரி. "பாதிக் கெணறு தாண்டியாச்சு. மிச்சத்தையும் தாண்டிருங்க. அந்தப் பொண்ணு நல்லாப் படிக்குது போல. உள்மதிப்பீடு, நடத்தைச் சான்று எல்லாம் இங்கருந்துதான போகணும்."

நாளைக்குப் போடுகிறேன் என்று கடிதத்தை வாங்கிக்கொண்டேன். ஆணையைத் தன் பக்கமே வைத்துக்கொண்டார்.

வரியை நீக்கியபோது அது ஒரு வரி. இந்தக் கடிதம் ஒரு பெண்ணைப் பொய்க்காரி ஆக்குகிறது. இதை எழுதும்போதே புரிகிறது, வரியை நீக்கியபோதும் அதைத்தான் செய்தேன். அன்று நான் பொய்யாக்கிய ஒன்பது பேருக்கும் கேட்க ஆளில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

28 பிப்ரவரி, வியாழன்

மதியம் மூன்று மணிக்கு, துறைக் கணினியில், சண்முகவடிவு என்ற என் சொந்தப் பெயரில் நுழைந்து வரியையும் ஒன்பது பெயர்களையும் திரும்பச் சேர்த்தேன். பேச்சுப் பக்கத்தில் எழுதியது இதுதான்:

'பிப்ரவரி 20 அன்று இந்த வரியைப் பெயரின்றி நீக்கியது நான். இக்கட்டுரையை எழுதிய மாணவியின் ஆசிரியர். அவர் தந்த சான்றை நேரில் பார்த்திருக்கிறேன், அது முற்றிலும் பொருந்துகிறது. இவர் நிறுவிய கல்லூரியில் பணியாற்றுகிறேன். வேலைக்குப் பயந்து நீக்கினேன். மாணவிமேல் எந்தத் தவறும் இல்லை.'

சேமிப்பதற்கு முன் நாலு தடவை படித்தேன். ஒரு காற்புள்ளிகூட மாற்றவில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். டிவியை அணைத்தார். பிறகு, "பையன் பரீட்சை முடியற வரைக்கும் அவன்கிட்டச் சொல்லாத" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு போய் அவரே கழுவி வைத்தார்.

1 மார்ச், வெள்ளி

திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னார்கள். தற்காலிகத்தை நீக்கத் தாள்கூட வேண்டாமாம்.

வரி நிற்கிறது. என் குறிப்பைப் பார்த்துவிட்டு ஈரோட்டுக்காரர் ஒருவர், அங்கே நிர்வாகியாக இருப்பவர், கண்டவர்களும் மாற்ற முடியாதபடி கட்டுரையைப் பூட்டிவிட்டார். இனி விழா மலரில் முகவரி போடுவதும் போடாததும் அவர்கள் பாடு. உள்மதிப்பீட்டு மதிப்பெண்களை மதியமே பல்கலைக்கழக இணையதளத்தில் ஏற்றிவிட்டேன், இனி அதில் யாரும் கைவைக்க முடியாது. மாரீஸ்வரிக்கு முழு மதிப்பெண். அரை மதிப்பெண் குறைக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

பை கட்டும்போது வந்து நின்றாள்.

"படிச்சேன் மேம்."

 ஜன்னலைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"அம்மா ஒங்கள ஞாயித்துக்கெழமை வீட்டுக்குக் கூப்புட்டாக. பேரத் திரும்பக் கொண்டாந்து குடுத்ததுக்கு நன்றி சொல்லணுமாம்."

"அழிச்சது யாருன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல மேம். நீங்களே சொல்லிக்கோங்க."

3 மார்ச், ஞாயிறு

காலை பதினொரு மணிக்குப் போனேன். போகாமல் இருந்துவிடலாமா என்று பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்ஸை விட்டேன். உலகம் முழுக்கப் படிக்கிற இடத்தில் எழுதுவதற்குப் பதினைந்து நிமிடம்தான் ஆனது. ஒரு வீட்டுக்குள் போய்ச் சொல்லக் கால் வரவில்லை.

குருவம்மாள், மாரீஸ்வரியின் அம்மா. என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவராக இருக்கும், பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பாயை விரித்துப் போட்டு, டீயும் காராச்சேவும் வைத்தார். நான் வேண்டாம் என்றும் கேட்கவில்லை. மாரீஸ்வரி கைப்பேசியைத் திறந்து ஒன்பது பெயர்களையும் வாசித்தாள். ஏழாவது பெயர் வந்ததும் அவர் மகளின் விரலைப் பிடித்து, அந்த இடத்தில் வைக்கச் சொல்லி, குனிந்து பார்த்தார்.

"எங்கக்கா பேரு இம்புட்டுத்தானா? நீளமா இருக்கும்னு நெனச்சேன்" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். "டீச்சர் இல்லைன்னா நடக்குமா இது. அழிச்சது யாருன்னு கண்டுபிடிச்சாச்சா?"

மாரீஸ்வரி கைப்பேசியை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

"நான்தாங்க" என்றேன். "செயலர் அழிக்கச் சொன்னாரு. அழிச்சேன். அப்புறம் மனசு கேக்காமத் திரும்பப் போட்டேன்."

குருவம்மாள் என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"வேல போயிரும்னு பயமா?"

"ஆமா."

"எங்கக்காளுக்கும் அதான் பயம்" என்றார். "அன்னைக்கு அவளுக்கு அனலாக் காயுது. போகாதடின்னு கையப் புடிச்சேன். ஒரு நா நின்னா வேற ஆளப் போட்டுருவாங்கன்னு உதறிட்டுப் போனா."

 அவர் என் முன்னால் இருந்த தட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் தள்ளி வைத்தார். மகளிடம், "இன்னொரு தடவ வாசி" என்றார். மாரீஸ்வரி மறுபடி முதல் பெயரிலிருந்து தொடங்கினாள்.